உயிர் காத்த மருந்து காதைத் தொட்டால்...

கோலார் தங்கவயலில் காது மந்தம் புதிய சங்கதி அல்ல. பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், நாலா பக்கமும் பாறை சூழ்ந்த குறுகலான இடத்தில், காற்றழுத்தத்தில் ஓடும் துளைக்கருவியைப் பிடித்து வேலை செய்தவர்களின் ஊர் இது. அந்தக் கருவியின் இரைச்சல் சாதாரணமாக 110 டெசிபலை எட்டும். எட்டு மணி நேர ஷிப்டில் அதைக் கேட்டுக் கேட்டு, முப்பது வருஷம் கழித்து வேலையிலிருந்து நின்றபோது, கிராஜுவிட்டியோடு காது மந்தத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு. லைன் வீடுகளில் பெரியவர்கள் சாதாரணமாகப் பேசிக் கொள்வதைக் கேட்டு, புதிதாக வந்த ஒருவர் சண்டை என்று நினைத்தால் வியப்பில்லை.

அதே வகைக் காது மந்தம், சுரங்கத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத சிறு பிள்ளைகளுக்கும் வருகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அது இரைச்சலால் வருவதல்ல. புற்று நோயிலிருந்து அவர்கள் உயிரைக் காப்பாற்றிய மருந்தால் வருவது. அந்த மருந்தும் ஓர் உலோகத்திலிருந்து பிறந்தது. தங்கத்தைவிட அரிதான பிளாட்டினம் அது.

தற்செயலாகக் கிடைத்த மருந்து

1965-ம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி, மின்சாரம் கிருமிகளின் பெருக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்று சோதித்துக் கொண்டிருந்தார். கிருமிகள் மிதக்கும் திரவத்துக்குள் இரண்டு பிளாட்டினத் துண்டுகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பிளாட்டினம் கரையாது, எதனோடும் சேராது என்ற நம்பிக்கையில்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். கிருமிகளோ இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு, நூல் நூலாக நீள ஆரம்பித்தன. காரணம் மின்சாரம் அல்ல என்பது பிறகு தெரிந்தது. கரையாது என்று நம்பிய உலோகம் கொஞ்சம் கரைந்து, திரவத்தில் இருந்த உப்போடு சேர்ந்து, ஒரு புதுச் சரக்காகியிருந்தது. கிருமி பிரிவதை நிறுத்தக் கூடிய பொருள், கட்டுக்கடங்காமல் பிரிந்து பெருகும் புற்று நோய் அணுக்களையும் நிறுத்தாதா? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் சிஸ்பிளாட்டின். 1978-ல் அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி தந்தது.

இன்று உலகெங்கும் குழந்தைப் புற்று நோய் வார்டுகளில் அது இருக்கிறது. ஈரலில் வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா, கைக்குழந்தைகளையும் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா, வளரும் பிள்ளைகளின் கால் எலும்பில் முழங்காலுக்கு அருகே தோன்றும் ஆஸ்டியோசர்க்கோமா, சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா ஆகியவற்றுக்கு சிஸ்பிளாட்டின் முக்கியமான ஆயுதம். அதன் தம்பி கார்போபிளாட்டின். காது விஷயத்தில் தம்பி சற்று சாது. ஆனால் அதிக அளவில் கொடுத்தால் அதுவும் தொல்லை தரும்.

இந்த இடத்தில் பெற்றோர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு அதிகமாக வருவது ரத்தப் புற்று நோய். அதற்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் சிஸ்பிளாட்டின் இல்லை. ஆகவே புற்று நோய் என்றாலே காது போய்விடும் என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, காதுக்குப் பயந்து எந்தப் பெற்றோரும் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. சிஸ்பிளாட்டின் வருவதற்கு முன் கைவிடப்பட்ட எத்தனையோ குழந்தைகள் இன்று அதே நோயிலிருந்து பிழைத்து எழுகிறார்கள். காது குறைந்தால் அதற்கு வழி தேடலாம்.

உள்ளே நடப்பது என்ன?

காதின் உட்பகுதியில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வாசலுக்கு அருகே இருப்பவை கீச்சுக் குரல் போன்ற உச்ச ஒலிகளைக் கேட்கும். உள்ளே போகப் போக, சுருளின் நுனியில் இருப்பவை முரசு, இடி போன்ற கனத்த ஒலிகளைக் கேட்கும். சிஸ்பிளாட்டின் வாசலிலிருந்து தன் வேலையை ஆரம்பிக்கிறது. முதலில் உச்ச ஒலிகள் போகும். மருந்தின் மொத்த அளவு கூடக் கூட, சேதம் உள்நோக்கி நகரும். இரண்டு காதும் பாதிக்கப்படும். பறவைகளுக்கு இந்த அணுக்கள் செத்தால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சுரங்க இரைச்சல் கெடுப்பதும் இதே அணுக்களைத்தான். அதுவும் உச்ச ஒலிகளைத்தான் முதலில் பறிக்கும். தாத்தாவுக்கு முப்பது வருஷத்தில் நடந்தது, பேரனுக்கு ஆறே மாதத்தில் நடந்து விடலாம்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். தலைக்குக் கதிர் வைத்தியம் கொடுத்திருந்தால் மேலும் அதிகம். சிகிச்சையின் நடுவே ரத்த அணுக்கள் குறைந்து ஜுரம் வரும்போது போடப்படும் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளும் காதுக்குப் பகைதான். உயிர் போகிற ஜுரத்தில் டாக்டர் வேறு வழியின்றி அதைப் போடலாம். அப்போது குறை சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்த பிறகு, சாதாரண ஜுரத்துக்குத் தெரு முனை டாக்டரிடம் போகும்போது, "இந்தக் குழந்தைக்கு பிளாட்டின மருந்து ஏற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுவது இன்னும் நல்லது.

பிளாட்டினம் ரத்தத்திலிருந்து வெளியேறிவிட்டாலும் காதின் உட்பகுதியை விட்டு எளிதில் போவதில்லை. மாதக் கணக்கில், ஏன், வருஷக் கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது என்று 2017-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். கடைசி ஊசி போட்டு முடிந்து, முடி மறுபடி வளர்ந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் காது குறைந்து கொண்டே போவதன் காரணம் இதுதான் என்று கருதப்படுகிறது.

"ஹாரனுக்குத் திரும்புகிறானே!"

இந்தக் குறையை வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். பிள்ளை பின்னால் நிற்கும்போது தாயார் கை தட்டிப் பார்ப்பார். திரும்புவான். பஸ் ஹாரன் கேட்கிறது, கோயில் மேளம் கேட்கிறது, கதவை அறைந்தால் திடுக்கிடுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறான். காதில் ஒன்றும் இல்லை என்று குடும்பம் நிம்மதியடைகிறது. கனத்த ஒலிகள் எல்லாம் கேட்பதால் வந்த ஏமாற்றம் இது. அவனுக்குக் கேட்காதவை வேறு: சில்வண்டின் ரீங்காரம், குருவியின் கீச்சு, தங்கையின் கால் கொலுசு.

குருவியும் கொலுசும் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பேச்சை விட முடியாதே! நாம் பேசும் பேச்சில் ஆ, ஈ, ஊ போன்ற உயிர் ஒலிகள் கனமானவை. குரலுக்குப் பலம் தருபவை அவை. க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளும், ஸ, ஷ போன்ற காற்றொலிகளும் மெலிந்தவை, உச்சத்தில் இருப்பவை. வார்த்தைக்கு அடையாளம் தருபவையோ இவைதான். 'பல்' என்று சொன்னாலும் 'கல்' என்று சொன்னாலும் இந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே விழும். 'தட்டு' கேட்டால் 'கட்டு' என்று நினைப்பான். குரல் கேட்கும், வார்த்தை புரியாது. "காது கேட்கிறது, சொல்வதுதான் விளங்கவில்லை" என்று ரிடையரான சுரங்கத் தொழிலாளி சொல்வதும் இதைத்தான். அவர் வயதானவர், விஷயத்தைச் சொல்லத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. உலகமே இப்படித்தான் பேசுகிறது என்று நினைத்துக் கொள்வான்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தங்கவயல் பிள்ளை வீட்டில் தமிழும், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும் உருதுவும் கேட்டு வளர்கிறது. நல்ல காது உள்ள பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். பழகிய தாய்மொழியிலாவது விட்டுப் போன எழுத்தை ஊகித்து நிரப்பிக் கொள்ளலாம். கன்னடத்தில் 'கல்லு' என்றால் கல், 'ஹல்லு' என்றால் பல். புதிதாகக் கற்கும் மொழியில் இந்த வித்தியாசம் காதில் விழாவிட்டால் எதைக் கொண்டு ஊகிப்பது? ஐம்பது பிள்ளைகள் இரையும் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் நிலைமை இன்னும் மோசம். "நோயில் கிடந்த பிள்ளை, மந்தமாகி விட்டது" என்று டீச்சர் இரக்கப்படுவார். "செல்லம் கொடுத்ததில் பிடிவாதம் வந்துவிட்டது" என்று பாட்டி சொல்வார். படிப்பு பின்தங்கும், பிள்ளை பேச்சைக் குறைத்துக் கொள்ளும். உயிரோடு போராடி வென்ற பிள்ளைக்கு மக்கு என்ற பட்டம் கிடைப்பதைப் போல் அநியாயம் வேறு இல்லை.

ரயில் ஏறும் குடும்பங்கள்

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளாக ஓடிய சுரங்கத்தோடு, தொழிலாளி குடும்பத்துக்கு இருந்த கம்பெனி வைத்தியமும் போயிற்று. அன்று முதல் வேலைக்கு மட்டுமல்ல, பெரிய வியாதிக்கும் ரயில்தான் கதி. மாரிகுப்பத்தில் புறப்படும் அதிகாலை ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போகிறது. கட்டட வேலைக்கும், கம்பெனிக்கும், ஆபீசுக்கும் போகிறவர்கள் நிரம்பிய அந்த ரயிலில் இடம் பிடித்துத்தான் நோயாளிகளும் போக வேண்டும். எதிர்த் திசையில் ஜோலார்பேட்டை தாண்டிப் போனால் காட்பாடி. அங்கிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

பெங்களூரில் ஓசூர் ரோட்டில் உள்ள கித்வாய் புற்று நோய் ஆஸ்பத்திரி 1973-ல் தொடங்கப்பட்டது. நேரு மந்திரிசபையில் இருந்த ரபி அகமது கித்வாயின் பெயரைத் தாங்கியது. குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. பி.பி.எல். ரேஷன் கார்டு உள்ள குடும்பங்களுக்கு 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. ஆனால் ரயில் செலவையும், அப்பாவின் தினக்கூலி நஷ்டத்தையும் எந்தக் கார்டும் தாங்குவதில்லை. எனவே கடைசி ஊசி முடிந்ததும் "அப்பாடா" என்று ஊர் திரும்பும் குடும்பம், "காது டெஸ்டுக்கு மறுபடி வாருங்கள்" என்றால் தயங்குவது இயல்பு. நன்றாக ஓடியாடும் பிள்ளைக்காக இன்னொரு நாள் கூலியை விடுவதா என்று தோன்றும்.

விட்டுத்தான் ஆக வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே ஒரு தடவை காதை அளந்து எழுதி வைக்க வேண்டும். பின்னால் குறைந்ததா இல்லையா என்று ஒப்பிட அந்தத் தாள்தான் ஆதாரம். பிறகு சிகிச்சையின் இடையிடையே, ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் முன்னால் முடிந்தால் மிக நல்லது. குறைவது முன்கூட்டியே தெரிந்தால், நோயின் நிலையைப் பொறுத்து டாக்டர்கள் மருந்தை மாற்றியோ அளவைத் திருத்தியோ பார்க்க வாய்ப்பு இருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் வருஷம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

சோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. விவரம் தெரிந்த பிள்ளைக்குக் காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' என்ற சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். கைக்குழந்தை என்றால் தூங்க வைத்து, தலையில் சிறு வில்லைகளை ஒட்டி, ஒலிக்கு மூளை நரம்பு காட்டும் பதிலைக் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். இதற்கு 'பெரா' என்று பெயர். கித்வாய்க்குப் பக்கத்து வளாகமான நிமான்ஸில் பேச்சு, கேள்திறன் பிரிவு இருக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் லிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பெயரில் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. மைசூரில், நாட்டிலேயே இந்தத் துறைக்குத் தாய்வீடு போன்ற அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1960-களிலிருந்து இயங்கி வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே நாளில் காது டெஸ்டையும் வைத்துக் கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்டால் ஒரு ரயில் பயணம் மிச்சமாகும்.

சயனைடு முறிவு மருந்து

காதைக் காப்பாற்ற மருந்தே இல்லையா? ஒன்று வந்திருக்கிறது. தங்கவயல்காரர்களுக்கு அதன் கதை வேடிக்கையாக இருக்கும்.

ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கும் சயனைடு மண் மேடுகள் எல்லோரும் அறிந்தவை. அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்க சயனைடு கரைசலை ஓடவிட்ட பின் மிஞ்சிய மண் அது. அந்த சயனைடு உடம்புக்குள் போனால் விஷ முறிவாக டாக்டர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மருந்துகளில் ஒன்று சோடியம் தயோசல்பேட். போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் பிலிம் கழுவ வைத்திருந்த 'ஹைப்போ' உப்பும் இதுவேதான். இதில் உள்ள கந்தகம் பிளாட்டினத்தைக் கவ்விப் பிடித்துச் செயலற்றதாக்கிவிடும் என்பதால், இதைக் காதுக்குக் காவலாக வைத்தால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள்.

சங்கடம் ஒன்று இருந்தது. காதில் உள்ள பிளாட்டினத்தைக் கவ்வும் மருந்து, கட்டியில் உள்ள பிளாட்டினத்தையும் கவ்விவிட்டால்? நோய் பிழைத்துக் கொள்ளுமே! ஆகவே சிஸ்பிளாட்டின் ஏற்றி முடித்து ஆறு மணி நேரம் கழித்து இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 நாடுகளில், ஈரல் கட்டி பரவாத நிலையில் இருந்த குழந்தைகளிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2018-ல் வெளிவந்தது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்ற குழந்தைகளில் 63 சதவிகிதத்தினருக்குக் காது குறைந்தது. தயோசல்பேட்டும் பெற்றவர்களில் 33 சதவிகிதம். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது உயிர் பிழைத்தோர் எண்ணிக்கையில் பாதகம் எதுவும் தெரியவில்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார், பரவாத கட்டிகளுக்கு சிஸ்பிளாட்டின் பெறும் குழந்தைகளுக்கு இதை அனுமதித்தது.

ஹைப்போ உப்பு மலிவுதானே என்று எண்ணிவிட வேண்டாம். இதற்கென்று பக்குவப்படுத்தி அங்கே விற்கப்படும் மருந்தின் விலை, நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பழைய சயனைடு முறிவு மருந்து ஒரு பக்கம், அதே உப்பு புதுப் பெயரில் யானை விலை மறுபக்கம்! நோய் உடம்பெங்கும் பரவியிருந்தால் இதைக் கொடுப்பதில் டாக்டர்களுக்குத் தயக்கமும் இருக்கிறது. எந்தக் குழந்தைக்குப் பொருந்தும் என்பதை நோயின் வகையும் நிலையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல முடியும். கேட்பதில் தவறில்லை. கேட்க வேண்டிய நேரம் முதல் சிஸ்பிளாட்டின் ஏறுவதற்கு முன்பு. காது போன பிறகு இந்த மருந்தால் பயன் இல்லை.

சர்டிபிகேட்டில் அடங்காத குறை

காது குறைந்துவிட்ட பிள்ளைக்கு சர்க்கார் உதவி உண்டா? இலவசமாகக் காது மிஷின் தரும் மத்திய சர்க்கார் திட்டம் இருக்கிறது. ஆனால் 40 சதவிகித ஊனச் சான்றிதழ் வேண்டும். 2016-ம் ஆண்டுச் சட்டம் கேள்திறன் குறைந்தவர் என்று சொல்வது, பேச்சுக்குரிய ஒலிகளில் இரண்டு காதிலும் 60 டெசிபலாவது குறைந்தவரை. உச்ச ஒலிகள் மட்டும் போய், கனத்த ஒலிகள் நன்றாகக் கேட்கும் பிள்ளைக்குச் சராசரி போட்டால் கணக்கு அந்த எல்லையைத் தொடாது. வகுப்பில் பாதி வார்த்தை புரியவில்லை. சர்டிபிகேட் கணக்கிலோ ஊனம் இல்லை! சட்டம் எழுதியவர்கள் இந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் முயன்று பார்க்காமல் விடக் கூடாது. சேதம் அதிகமான பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைக்கும். மற்றவர்களுக்கு தர்ம ஸ்தாபனங்கள் மூலம் மிஷின் வாங்க வழி உண்டா என்று ஆஸ்பத்திரியின் சமூக நல ஊழியரிடம் விசாரிக்கலாம்.

காசு செலவில்லாத உதவி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆடியோகிராம் தாளை ஹெட்மாஸ்டரிடம் காட்டி, பிள்ளையை முதல் பெஞ்சில், ஜன்னல் இரைச்சலுக்குத் தள்ளி உட்கார வைக்கச் சொல்லலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பாடம் சொல்லாமல், பிள்ளைகளைப் பார்த்துப் பேச டீச்சரைக் கேட்டுக் கொள்ளலாம். டிக்டேஷனில் அவன் எழுதும் தப்புகள் காதின் தப்புகள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் பிரம்படிக்கு இடமில்லை. தீபாவளி வெடி, காதுக்குள் செருகும் ஹெட்போன் இரண்டையும் இந்தப் பிள்ளைகளிடமிருந்து தள்ளியே வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் அணுக்களை அவை கெடுத்துவிடும்.

மிஷின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவின் மிஷின் பெட்டியில் சும்மாதான் கிடக்கிறது என்று அதை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு காதுக்கும் எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அந்த ஒலியை மட்டும் அவ்வளவு கூட்டிக் கொடுக்கும்படி மிஷினைத் திருத்தி அமைக்க வேண்டும். கனத்த ஒலிகளையும் சேர்த்துப் பெரிதாக்கும் மிஷினை மாட்டினால் பிள்ளைக்குத் தலைவலிதான் மிஞ்சும். ஒரே வாரத்தில் கழற்றி எறிவான். காதுக்குள் பொருந்தும் அச்சும் பிள்ளை வளர வளரச் சின்னதாகிவிடும், அளவெடுத்து மாற்ற வேண்டும். பேட்டரி தீர்ந்தால் உடனே போட வேண்டும். ராத்திரி கழற்றித் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்தால், காற்றடிக்கும் மாதங்களில் மேடுகளிலிருந்து கிளம்பி வீட்டுக்குள் படியும் சயனைடு மண் அதற்குள் போகாது.